தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2: விமர்சகர்களின் 93-க்கும் ஆட்டக்காரர்களின் கோபத்துக்கும் இடையே இருந்தது என்ன?

கேள்வி | வடகரை

நண்பர்களுக்கு வணக்கம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற வீடியோ ஆட்டத்தின் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து விளையாடி முடித்துவிட்டு, இரண்டாம் பாகம் வெளிவந்த காலத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களை இப்போது தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இழையில் கதை முடிவு வரை பேசப்படும் என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2013-இல் வந்த முதல் பாகம் எப்படி வரவேற்கப்பட்டது என்பதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 95. விளையாடியவர்களும் அதைக் கொண்டாடினார்கள். 2020 ஜூன் 19 அன்று பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த இரண்டாம் பாகத்தில்தான் இந்த ஒற்றுமை குலைகிறது. விமர்சகர்களின் சராசரி 93. ஐஜிஎன் பத்துக்குப் பத்து கொடுத்தது, கேம்ஸ்பாட் எட்டு கொடுத்தது. அதே பக்கத்தில் பொதுப் பயனர்கள் இட்ட மதிப்பெண்ணோ முதல் சில நாட்களில் பத்துக்கு நான்கைக்கூட எட்டவில்லை. முதல் மூன்று நாட்களில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆட்டம் இது. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது உட்பட ஏழு விருதுகள் இதற்குக் கிடைத்தன. ஏபி பாத்திரத்தில் நடித்த லாரா பெய்லிக்கு அந்த நடிப்புக்காக விருதும் கிடைத்தது, அதே நடிப்புக்காகக் கொலை மிரட்டல்களும் வந்தன.

என் அனுபவம் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் பாகத்தில் எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்றும் நாயகன் ஜோயலை, இரண்டாம் பாகத்தில் ஏபி கொல்கிறாள்; பழிவாங்க எல்லி சியாட்டிலுக்குச் செல்கிறாள். அவர் கொல்லப்பட்டபோது ஏபியின் மீது எனக்கு வந்த வெறுப்பு உண்மையானது. சியாட்டில் மூன்றாம் நாளின் இரவில், நாடக அரங்கில், துப்பாக்கி முனையில் எல்லாம் நிற்கும்போது கதை திடீரென ஏபியின் முதல் நாளுக்குத் திரும்பியதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். சில நாட்கள் கழித்துத் தொடர்ந்தபோது, யாரா, லெவ் என்ற உடன்பிறப்புகளைக் காப்பாற்றுவதற்காக அவள் படும் பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்ந்தேன். ஆனாலும் எல்லியை அடித்து வீழ்த்தும்படி ஆட்டம் என்னைக் கேட்ட இடத்தில் மனம் ஒப்பவே இல்லை.

ஒரே ஆட்டத்தை இரு கூட்டத்தார் இவ்வளவு வேறாகப் பார்த்தது எப்படி நேர்ந்தது? விமர்சகர்கள் கண்மூடிப் பாராட்டினார்களா, அல்லது எதிர்த்தவர்கள் விளையாடாமலேயே எதிர்த்தார்களா? அன்றைய விவாதத்தைக் கூடவே பின்தொடர்ந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பதில் 1 | பனிமூட்டம்

வடகரை அவர்களுக்கு, அந்த இரண்டு எண்களும் எந்த நிலைமையில் உருவாயின என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்வியில் பாதி தெளிந்துவிடும். என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இரண்டுமே உரிய உரையாடல் தொடங்குவதற்கு முன்பே இடப்பட்ட மதிப்பெண்கள்.

ஆட்டம் முதலில் 2020 பிப்ரவரியில் வருவதாக இருந்தது. பிறகு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. பெருந்தொற்றுக் காலத்தில் தேதியே இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டு, இறுதியில் ஜூனில் வந்தது. இந்த இடைவெளியில், ஏப்ரல் இறுதியில், முடிக்கப்படாத காட்சிகள் இணையத்தில் கசிந்தன. ஜோயல் இறக்கிறார், அவரைக் கொன்றவளை நாமே இயக்க வேண்டும் என்ற இரண்டு செய்திகள், அவற்றைத் தாங்கி நிற்கும் இருபது மணி நேரக் கதை எதுவும் இல்லாமல், வெறும் செய்திகளாகப் பரவின. அப்படிக் கேள்விப்படும் எவருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஏனெனில் அந்தக் கோபத்தை முதலில் மூட்டி, பிறகு மெல்ல மெல்லக் கேள்விக்கு உள்ளாக்குவதுதான் ஆட்டத்தின் வேலையே. கசிவில் கிடைத்தது முதல் பாதி வேலை மட்டும்.

விமர்சனங்கள் ஜூன் 12 அன்று வெளியாயின. ஆட்டத்தின் பின்பாதியைப் பற்றி வெளியீட்டுக்கு முன் எழுதக்கூடாது என்று விமர்சகர்களுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஏபியாக விளையாட வைப்பது சரியா, அது பலித்ததா என்பதே இந்த ஆட்டத்தைப் பற்றிய முதன்மையான கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பவே முடியாத விமர்சனங்களிலிருந்துதான் 93 என்ற எண் பிறந்தது. எனவே பலரும் ஒளியமைப்பையும், முகபாவனைகளின் நுணுக்கத்தையும், எதிரிகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதையும், நாய்களைக் கொல்ல நேர்வதன் கொடுமையையும் விரிவாக எழுதிவிட்டு, கதையைப் பற்றி "கனமானது", "சோர்வூட்டும் அளவுக்கு இருண்டது" என்ற பொத்தாம்பொதுவான சொற்களோடு நிறுத்திக்கொண்டார்கள். கசிவைப் பார்த்திருந்த வாசகருக்கு அந்த மௌனம் மூடிமறைப்பாகத் தெரிந்தது. விமர்சகர்களின் மீது எழுந்த அவநம்பிக்கைக்கு, அவர்களுடைய ரசனையைக் காட்டிலும் இந்த நிபந்தனையே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயனர்களின் மதிப்பெண்ணுக்கு வருவோம். முழுதாக முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஆட்டத்துக்கு, வெளியான அன்றே ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள் விழுந்தன. அவற்றை இட்டவர்களில் பெரும்பாலோர் முடித்திருக்க வழியே இல்லை. ரிவ்யூ பாம்பிங் என்று சொல்லப்படும் இந்தத் தாக்குதலுக்குப் பிறகு, ஜூலையில், ஓர் ஆட்டம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பின்னரே பயனர்கள் மதிப்பெண் இட முடியும் என்று மெட்டாகிரிட்டிக் தன் விதியை மாற்றியது. அந்தப் பூஜ்யங்களில் ஒரு பகுதி எல்லியும் டைனா என்ற பெண்ணும் காதலிப்பதையும், ஏபியின் தசைக்கட்டையும், லெவ் திருநம்பியாக இருப்பதையும் சகிக்க முடியாதவர்கள் இட்டவை. அவற்றை விமர்சனம் என்று அழைக்க எனக்கு மனமில்லை.

ஆனால் இதை விமர்சகர்களுக்கும் மக்களுக்கும் இடையே நடந்த போராக மட்டும் பார்ப்பது பிழை. 2020-இன் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆட்டமாக இதைத் தேர்ந்தெடுத்தது பொதுமக்கள் வாக்கு. அதைவிடத் தெளிவான சான்று 2021 மார்ச்சில் நடந்த பிரிட்டனின் பாஃப்டா விருது விழா: நடுவர் குழு சிறந்த ஆட்டத்துக்கான விருதை ஹேடீஸ் என்ற வேறோர் ஆட்டத்துக்குக் கொடுத்தது, பொதுமக்கள் வாக்களித்த விருது தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்குப் போனது. வல்லுநர்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க, மக்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதில் 2 | கீழ்வானம்

பனிமூட்டம் சொல்லும் கால வரிசையை ஏற்கிறேன். ஆனால் பூஜ்யங்களைத் தள்ளிவிட்டால் எதிர்ப்பே இல்லை என்ற எண்ணம் அதில் இழையோடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்தை முழுதாக முடித்து, ஏபியையும் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் குறை சொன்னவர்கள் பலர் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

முதலில் எளிதில் விடை சொல்லக்கூடிய ஒரு குறையைத் தள்ளிவைக்கிறேன். இருபது ஆண்டுகளாக எவரையும் நம்பாமல் உயிர் பிழைத்த ஜோயல், முன்பின் தெரியாதவர்களிடம் பெயர் தெரிய விடுவாரா என்று கேட்டார்கள். பெயர்களை முதலில் சொல்வது அவருடைய தம்பி டாமி. மேலும், அவர்கள் சில ஆண்டுகளாக ஜாக்சனில், வழிப்போக்கர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஊரில் வாழ்கிறார்கள். ஒரு மனிதர் மென்மையாகிவிட்டதன் விலையை அந்தக் காட்சி காட்டுகிறது. அது எழுத்தின் பிழை அன்று.

விளம்பரம் பற்றிய குறையை அப்படித் தள்ள முடியாது. 2019 செப்டம்பரில் வந்த முன்னோட்டத்தில், சியாட்டிலில் எல்லியின் வாயைப் பின்னாலிருந்து பொத்தி, அவளைத் தனியாக விடமாட்டேன் என்ற பொருளில் பேசுபவர் ஜோயல். ஆட்டத்தில் அந்த இடத்தில் நிற்பவர் எல்லியின் நண்பர் ஜெஸ்ஸி. அதிர்ச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. காட்டாமல் இருப்பது ஒன்று, இல்லாத காட்சியை உருவாக்கிக் காட்டுவது வேறொன்று. ஜோயலோடு சேர்ந்து பயணிக்கப்போகிறோம் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரியது ஆட்டத்தின் அறம் பற்றிய சிக்கல். மருத்துவமனையின் அடித்தளத்தில் ஏபியின் தோழி நோராவை எல்லி சித்திரவதை செய்யும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் சதுரப் பொத்தானின் குறி வருகிறது. அதை அழுத்தாவிட்டால் கதை நகராது. அழுத்தினால் அடி விழுகிறது. பிறகு எல்லியின் நடுங்கும் கைகளைக் காட்டி, நாம் செய்ததை எண்ணி வருந்தச் சொல்கிறது ஆட்டம். வேறு வழியே கொடுக்கப்படாதவரிடம் குற்றவுணர்வைக் கேட்பது எப்படி நியாயமாகும்? முதல் பாகத்தின் முடிவில், எல்லியைக் காப்பாற்ற ஜோயல் அறுவை மருத்துவரைக் கொல்லும் சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையிலும் தேர்வு கிடையாது என்று சிலர் பதில் சொல்வார்கள். ஆனால் அங்கே, ஆட்டம் முழுவதும் எல்லியோடு நடந்து வந்த ஆட்டக்காரரின் ஆசையும் ஜோயலின் ஆசையும் ஒன்றாகிவிட்டிருந்தன. அறுவை அறைக்குள் நுழைந்தபோது பலரும் அந்தத் துப்பாக்கியை விரும்பியே சுட்டார்கள், பிறகே தாம் செய்தது என்ன என்று யோசித்தார்கள். இரண்டாம் பாகத்தில், குறிப்பாக அமைதியான பண்ணை வீட்டை விட்டு எல்லி சாண்டா பார்பராவுக்குக் கிளம்பும் இடத்தில், ஆட்டக்காரர் எப்போதோ பழியை விட்டுவிட்டார். பாத்திரம் மட்டும் விடவில்லை. அந்த இடைவெளியை ஆட்டத்தின் ஆழம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது களைப்பாகவே இருந்தது.

விமர்சகர்கள் எல்லோரும் கண்மூடிப் பாராட்டினார்கள் என்பதும் உண்மையன்று. மதிப்பெண் இடாத பாலிகன் தளத்தின் விமர்சனம், மனிதர்களை இவ்வளவு கீழாகப் பார்க்கும் ஆட்டத்தின் பார்வையையே எதிர்த்தது. மதிப்பெண் இல்லாத கட்டுரை சராசரியில் சேராது என்பதால், 93 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது. வைஸ் இதழில் அந்த ஜூலையில் வந்த மற்றொரு கட்டுரை, சியாட்டிலில் நடக்கும் போரை இஸ்ரேல் பாலஸ்தீனப் பின்னணியில் வைத்துப் படித்தது. இஸ்ரேலில் பிறந்தவரான இயக்குநர் நீல் டிரக்மேன், 2000-இல் ரமல்லாவில் இரண்டு இஸ்ரேலியப் படைவீரர்கள் கும்பலால் கொல்லப்பட்ட காட்சியைப் பார்த்தபோது தமக்குள் எழுந்த பழிவெறியும், பின்னர் அதை எண்ணி அடைந்த அருவருப்பும் இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள். ஏபி சேர்ந்திருக்கும் டபிள்யூ.எல்.எஃப். என்ற ஆயுதக் குழுவின் படையினருக்கு உணவுக்கூடம் இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, காதலும் கேலியும் இருக்கின்றன. அவர்களோடு போரிடும் மதக்குழுவான செராஃபைட்டுகளோ, லெவும் யாராவும் நீங்கலாக, பெரும்பாலும் காட்டுக்குள் சீழ்க்கையடித்துக்கொண்டு வரும் மதவெறியர்களாகவே காட்டப்படுகிறார்கள். இரு தரப்பும் ஒன்றே என்று சொல்ல வந்த கதை, இரு தரப்புக்கும் ஒரே அளவு முகம் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட குறையைச் சொல்வதற்கு ஒருவர் ஆட்டத்தை வெறுக்க வேண்டியதில்லை. ஆட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மெய்யாக எடுத்துக்கொண்டாலே போதும்.

பதில் 3 | ஒலிவழி

மேலே உள்ள விவாதத்தில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் கை அசைவுக் குறைபாடும் உள்ளவர்களுக்காக இந்த ஆட்டத்தில் 60-க்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. பின்னணியைச் சாம்பல் நிறமாக்கி எதிரிகளையும் பொருட்களையும் தனி நிறங்களில் காட்டலாம், திரையிலுள்ள எழுத்துகளை வாசிக்கச் செய்யலாம், வழியையும் ஆபத்தையும் ஒலிக்குறிப்புகளாலேயே அறியலாம். முற்றிலும் பார்வையற்றவர்கள் இந்த ஆட்டத்தை முடித்திருக்கிறார்கள். தி கேம் அவார்ட்ஸ் அணுகல்வசதிக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது. மாற்றுத்திறனாளிகள் எழுதிய விமர்சனங்களையும் தேடிப் படியுங்கள்; கதையைப் பற்றி அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் ஒரு பெருஞ்செலவு ஆட்டத்தின் கதையோடு மற்றவர்களைப் போலவே நேருக்கு நேர் சண்டையிட முடிந்தது அவர்களில் பலருக்கு முதல் முறை. அடுத்தடுத்து வந்த பல ஆட்டங்களில் இந்த அமைப்புகள் இடம்பெறத் தொடங்கியதை வைத்துப் பார்த்தால், இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பங்களிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன்.

கேள்வியாளர் | வடகரை

மூவருக்கும் நன்றி. கீழ்வானம் எழுதிய நோரா காட்சியைப் படித்தபோது, எனக்கு நேர்ந்த தயக்கத்தின் பெயர் தெரிந்தது போல இருந்தது. ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. ஏபி யார், ஏன் கொல்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குமா? சிக்கல் கதையிலா, அதைச் சொன்ன வரிசையிலா?

பதில் 4 | பனிமூட்டம்

இந்தக் கேள்விக்குச் சோதனை செய்து பார்த்தது போலவே விடை கிடைத்திருக்கிறது. இந்த ஆட்டத்தைத் தழுவிய எச்பிஓ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவம் 2025 ஏப்ரலில் தொடங்கியபோது, முதல் காட்சியிலேயே ஏபியும் நண்பர்களும் சால்ட் லேக் சிட்டியில் தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் நின்று ஜோயலைக் கொல்வதாகச் சொல்கிறார்கள். அவளுடைய காரணம் பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆட்டத்திலோ, அவள் அந்த அறுவை மருத்துவரின் மகள் என்பது பல மணி நேரம் கழித்தே தெரியும். தொடரில் ஜோயலின் மரணம் இரண்டாம் பகுதியிலேயே வந்தது. காரணம் தெரிந்திருந்தும் பலர் அதைத் தாங்க முடியாமல் தொடரை விட்டார்கள். ஆகவே வரிசையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் எனக்கு இப்போது வலுவிழந்து தெரிகிறது. தாம் நேசித்த ஒருவரை இழந்தவர்கள் காரணம் கேட்டு ஆறுதல் அடைவதில்லை.

அதே சமயம், தொடர் எதை இழந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தில், ஏன் கொன்றாள் என்று தெரியாத ஒரு பெண்ணைப் பல மணி நேரம் வெறுத்துவிட்டு, அவளுடைய கைகளை இயக்கத் தொடங்குகிறோம். அவளுடைய உயரப் பயத்தோடு சியாட்டிலின் வானுயர் கட்டடங்களுக்கு இடையிலான பாலத்தைக் கடக்கிறோம். எல்லியாக நாம் கொன்ற நாயோடு ஏபியாகப் பந்து விளையாடுகிறோம். நம் வெறுப்பை நாமே சுமந்துகொண்டு அவளை நடத்திச் செல்கிறோம் என்பதால்தான் அது கரையும்போது நமக்குத் தெரிகிறது. இதைத் தொலைக்காட்சியால் செய்ய முடியாது. கீழ்வானம் சொல்லும் நோரா காட்சியின் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன், அங்கே பொத்தான் வெறும் மிரட்டல். ஆனால் ஏபியின் பாதியில் அதே கட்டாயம் வேறு வேலை செய்கிறது: அங்கே ஆட்டம் நம்மைக் குற்றம் சாட்டவில்லை, நம்மோடு ஒருவரைப் பழக விடுகிறது. விமர்சகர்கள் வெளியீட்டுக்கு முன் எழுத வேண்டியிருந்தது இந்த வேறுபாட்டைத்தான்; எழுத விடப்படவில்லை.

ஆட்டத்தின் வரவேற்பைப் பற்றிப் பேசும்போது, அது எப்படி உருவானது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று கருதுகிறேன். ஆட்டத்தை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தில் ஊழியர்கள் நள்ளிரவு வரையும் வார இறுதிகளிலும் உழைத்துக் களைத்ததைப் பற்றிக் கோட்டாகு தளம் 2020 மார்ச்சில் விரிவாக எழுதியது. அதே ஆட்டத்துக்குச் சிறந்த இயக்கத்துக்கான விருது கொடுக்கப்பட்டபோது, அந்த விருது எதைப் பாராட்டுகிறது என்று பலர் கேட்டார்கள். கதையை மட்டும் பற்றிய சச்சரவுக்குள் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு நீங்களே நேரடியாக விடை காணவும் வழி இருக்கிறது. 2025 ஜூலையில் பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் வந்த இலவசப் புதுப்பிப்பில், நிகழ்வுகளை அவை நடந்த கால வரிசையிலேயே விளையாடும் முறையைச் சேர்த்திருக்கிறார்கள். ஜோயலும் எல்லியும் அருங்காட்சியகத்துக்குப் போகும் பிறந்தநாள் காட்சி அதில் மரணத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. மூல வரிசையில் அவரை இழந்த பிறகு அந்த நாளை நினைவாகப் பார்த்தபோது இருந்த வலி அதில் குறைவு. ஆனால் அவர்களுக்குள் விழுந்த விரிசல் எப்படி வளர்ந்தது என்பது கூடுதல் தெளிவோடு தெரிகிறது. முதல் முறை விளையாடுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே முடித்தவர் என்பதால், நாடக அரங்கின் சண்டையை அந்த வரிசையில் அடைந்து பார்த்துவிட்டு, மனம் அப்போதும் மறுத்ததா என்று இங்கே எழுதுங்கள்.